மருத்துவப் படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம்: எங்கே செல்லும், யாரிடம் கேட்பது, எப்படி வாங்குவது

நீட் முடிவு வந்த வாரத்தில் திருநெல்வேலிச் சீமையில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான் ஓடும். “நமக்குத் தெரிஞ்ச அண்ணாச்சி ஒருத்தரு மெட்ராஸ்ல பெரிய எடத்துல இருக்காருல்லா, அவருகிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டா என்ன?” பிள்ளை மேலுள்ள பாசத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்த லெட்டருக்காக அலையும் நாட்களில், கையில் இருந்தே ஆக வேண்டிய சான்றிதழ்கள் வாங்கப்படாமல் கிடக்கும்.

லண்டனுக்கோ அமெரிக்காவுக்கோ விண்ணப்பிக்கும் பிள்ளைக்குக் கதை வேறு. அங்கே கடிதம் இல்லாமல் விண்ணப்பமே நகராது. அப்போதும் நம் ஆட்கள் பெயர் பெற்ற ஒருவரின் கையெழுத்தைத் தேடித்தான் போகிறார்கள். பரிந்துரைக் கடிதம் என்பது சாட்சி. உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்தவர் எழுதினால் அதற்கு மதிப்பு உண்டு. பார்க்காதவர் எழுதினால், அவர் எவ்வளவு பெரிய நாற்காலியில் இருந்தாலும் மதிப்பு இல்லை. கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து வருபவைதான்.

கலந்தாய்வில் கடிதத்துக்கு வேலை இல்லை

தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். இடத்தைத் தீர்மானிப்பவை நீட்டில் 720-க்கு எடுத்த மதிப்பெண், அதனால் வரும் தரவரிசை, உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவு, நீங்கள் கொடுக்கும் கல்லூரி விருப்பப் பட்டியல். அரசுக் கல்லூரிகளின் 85 விழுக்காடு இடங்களைச் சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் தேர்வுக் குழு நிரப்புகிறது. மீதி 15 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீடு, அதை ஒன்றிய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழுவான எம்.சி.சி. நடத்துகிறது. ஹைகிரவுண்டில் இருக்கும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் 250 இடங்களும் இப்படித்தான் நிரம்புகின்றன. டீனே நினைத்தாலும் ஓர் இடத்தை ஒருவருக்கு எடுத்துக் கொடுக்க முடியாது, ஒதுக்கும் வேலை அவரிடம் இல்லை. எய்ம்ஸும் ஜிப்மரும் 2020 முதல் நீட் வழிதான். தனியார் கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீட்டை நிரப்புவதும் தேர்வுக் குழுதான். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு எம்.சி.சி.தான். விண்ணப்பத் தளத்தில் எம்.எல்.ஏ. கடிதத்தையோ கலெக்டர் கடிதத்தையோ ஏற்ற ஒரு கட்டம்கூடக் கிடையாது. முதுநிலையிலும் நீட் பி.ஜி. தரவரிசைதான் பேசும்.

பெரியவர்கள் இதை நம்ப மறுப்பதற்குக் காரணம் இருக்கிறது. அவர்கள் காலத்தில், அவர்கள் அப்பா காலத்தில், மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கு நேர்முகத் தேர்வு இருந்தது. அதற்கு 75 மதிப்பெண். எதிரே உட்கார்ந்திருப்பவர் நினைத்தால் கூட்டலாம், குறைக்கலாம். 1970-இல் பெரியகருப்பன் வழக்கில் அந்த நேர்முக மதிப்பெண் போடப்பட்ட விதத்தை உச்ச நீதிமன்றமே குறை சொல்லித் தீர்ப்பளித்தது. 1984-இல் நுழைவுத் தேர்வு வந்தது. 2006-இல் அதை நீக்கச் சட்டம் இயற்றி +2 மதிப்பெண்ணுக்கு மாறினார்கள். 2017 முதல் நீட். ஆள் பார்த்து மதிப்பெண் போடும் முறை எப்போதோ எடுக்கப்பட்டுவிட்டது. “ஆளைப் பிடித்தால் நடக்கும்” என்ற நினைப்பு மட்டும் வீடுகளில் தங்கிவிட்டது. தாத்தாவிடம் வாதாட வேண்டாம், இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். புரிந்துகொள்வார்.

கடிதத்துக்கு அலையும் நேரத்தில் வாங்க வேண்டியவை வேறு. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அதற்கு 6-ஆம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் 8 வரை படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் இதில் வருவார்கள். நடுவில் பள்ளி மாறியிருந்தால் படித்த ஒவ்வொரு பள்ளியிலும் கையெழுத்து வாங்க வேண்டும். 6 முதல் 8 வரை நாங்குநேரிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி, பிறகு வள்ளியூர் என்றால் இரண்டு ஊருக்கும் போய் வர வேண்டும். முடிவு வரும் வரை காத்திருக்காமல் மே மாதத்திலேயே போய்விடுங்கள். நம் ஊரில் பலர் இடறும் இடம் ஒன்று: பாளையங்கோட்டையின் பெயர் பெற்ற பழைய பள்ளிகளில் பல அரசு உதவி பெறும் பள்ளிகள். ஆசிரியருக்கு அரசு சம்பளம் கொடுத்தாலும் அவை இந்த ஒதுக்கீட்டில் வரா. தலைமையாசிரியர் எவ்வளவு உருக்கமாகக் கடிதம் கொடுத்தாலும் இது மாறாது.

“சிபாரிசு லெட்டரோடு சீட் வாங்கித் தாரேன்” என்று யாராவது பணம் கேட்டால் அது மோசடி. கட்டாய நன்கொடையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1992 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டு வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டாம். ஆன்லைனில் அனுப்பியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். நேரில் கொடுத்திருந்தால் ரசீது, வாட்ஸப் உரையாடல், வங்கி ஸ்டேட்மென்ட் மூன்றையும் எடுத்துக்கொண்டு காவல் துறையின் குற்றப்பிரிவுக்குப் போங்கள்.

சபை வழியாக வரும் இடங்கள்

நம் மாவட்டத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் வேலூர் சி.எம்.சி.யை (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) பற்றி அதிகம் கேட்கிறார்கள். அங்கே சிறுபான்மைப் பிரிவு இடங்களுக்கு, கல்லூரியோடு இணைந்த சபைகளும் அமைப்புகளும் மாணவர்களை ஸ்பான்சர் செய்யும் முறை இருக்கிறது. இதைச் செல்வாக்குக் கடிதம் என்று எண்ணிக்கொண்டு போகிறவர்கள் பலர். அது ஓர் ஒப்பந்தம். அனுப்பும் அமைப்பு உங்களைத் தன் ஆளாக ஏற்கிறது. நீங்கள் படித்து முடித்ததும் அது சொல்லும் மருத்துவமனையில் 2 ஆண்டு வேலை செய்வதாகக் கையெழுத்துப் போடுகிறீர்கள். அந்த 2 ஆண்டுக்கு மனம் இல்லாதவர்கள் அந்தச் சான்றைக் கேட்கவே கூடாது. கேட்டு வாங்கிவிட்டுப் பிறகு தப்பிக்கப் பார்ப்பது, கிராமத்து ஆஸ்பத்திரியில் டாக்டருக்குக் காத்திருக்கும் சனங்களுக்குச் செய்யும் துரோகம்.

நீட் இங்கேயும் உண்டு. 2020 ஏப்ரலில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று உறுதி செய்தது. செய்ய வேண்டியது இதுதான்: அந்த ஆண்டின் விவரக் குறிப்பேட்டை எடுத்து, உங்கள் சபை பட்டியலில் இருக்கிறதா, யார் ஒப்பமிட வேண்டும், கடைசித் தேதி என்ன என்று பாருங்கள். சேகர குருவானவரிடம் (உங்கள் சபையின் போதகர்) ஞானஸ்நானச் சான்றும் அங்கத்தினர் சான்றும் வாங்குவது முதல் படிதான். அதோடு நின்றுவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாகும். குறிப்பேடு சொல்லும் தலைமையின் ஒப்பமும் முத்திரையும் வேண்டும். அதற்குப் பேராயரின் திருமண்டல அலுவலகத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், நாட்களும் எடுக்கும். கத்தோலிக்கப் பிள்ளைகள் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தால் இதே கவனத்தோடு பங்குத்தந்தையிடம் தொடங்குங்கள்.

வெளிநாடு: கடிதம் உண்மையில் படிக்கப்படும் இடம்

பிரிட்டனுக்கு யூகாஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாக விண்ணப்பம். மருத்துவத்துக்குக் கடைசி நாள் படிப்பு தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு அக்டோபர் 15. அதிகபட்சம் 4 மருத்துவக் கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்கலாம். அத்தனைக்கும் சேர்த்துப் பரிந்துரை ஒன்றே ஒன்று. அதனால் அதில் ஒரு கல்லூரியின் பெயரைக் குறிப்பிட்டு எழுதிவிட்டால் மற்ற மூன்றிலும் அந்த வரி உறுத்தும். இது அடிக்கடி நடக்கும் தவறு.

அந்தப் பரிந்துரை இப்போது மூன்று பகுதிகளாக இருக்கிறது. முதல் பகுதி பள்ளியைப் பற்றியது: மாநிலப் பாடத்திட்டம், 600 மதிப்பெண் முறை, வகுப்பில் எத்தனை பேர், தமிழ் வழியா ஆங்கில வழியா, எத்தனை பேர் முதல் தலைமுறையாகப் படிக்கிறார்கள். சங்கரன்கோவில் பக்கத்து அரசுப் பள்ளி எப்படியிருக்கும் என்று எடின்பரோவில் இருப்பவருக்குத் தெரியாது. அதை விளக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. பெரும்பாலான தலைமையாசிரியர்கள் இதைக் காலியாகவோ, பள்ளியின் பெருமையைப் பாடியோ வீணாக்குகிறார்கள். இரண்டாம் பகுதி படிப்பைப் பாதித்த சூழ்நிலைகள். 2023 டிசம்பரில் தாமிரபரணி கரை மீறி ஓடியபோது வீட்டில் தண்ணீர் புகுந்து புத்தகம் நோட்டு எல்லாம் போன பிள்ளைகள் உண்டு. அப்படி ஒன்று நடந்து மதிப்பெண் குறைந்திருந்தால் இங்கே எழுத வேண்டும், தேதியோடு, விளைவோடு. குடும்ப விஷயம் என்றால் உங்கள் சம்மதம் இல்லாமல் எழுத வேண்டாம் என்று ஆசிரியரிடம் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மூன்றாம் பகுதிதான் உங்களைப் பற்றியது.

+2 முடியாத மாணவர் என்றால் எதிர்பார்க்கும் மதிப்பெண்ணையும் பரிந்துரைப்பவரே பதிய வேண்டும். நம் பள்ளிகளுக்கு இது பழக்கமில்லாத வேலை. காலாண்டுத் தேர்வு, 11-ஆம் வகுப்பு மதிப்பெண் இரண்டையும் தாளில் எழுதிக் கொடுத்து, இதிலிருந்து நியாயமாக என்ன எதிர்பார்க்கலாம் என்று அவரே முடிவெடுக்கட்டும். ஏற்றிப் போடச் சொல்லாதீர்கள். அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் நிபந்தனையோடு இடம் தருவார்கள். மே மாதம் அதை எட்ட முடியாவிட்டால் இடம் போய்விடும்.

பள்ளி வழியாக அல்லாமல் தனியாக விண்ணப்பிப்பவர் ஆசிரியரின் பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எண்ணைப் பதிந்தால் யூகாஸிலிருந்து அவருக்கு நேரடியாக இணைப்பு போகும். அந்த மெயில் ஸ்பாம் பெட்டியில் போய் உட்கார்ந்துவிடுவது வழக்கம். பதிந்த அன்றைக்கே ஆசிரியரிடம் சொல்லித் தேடச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் டாக்டர் ஆவதற்கான எம்.டி. என்பது இளநிலைப் பட்டத்துக்குப் பிறகு படிப்பது. +2 முடித்த கையோடு விண்ணப்பிக்க முடியாது. வெளிநாட்டு மாணவரை எடுக்கும் கல்லூரிகளும் குறைவு. அங்கேயே இளநிலை படிக்கப் போன பிள்ளைகள் ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாக விண்ணப்பிப்பார்கள்; அதில் 10 கடிதப் பதிவுகள் வரை சேர்க்கலாம். பத்தையும் நிரப்ப ஓடாதீர்கள். அறிவியல் பேராசிரியர் இருவர், வேறு துறைப் பேராசிரியர் ஒருவர், ஆய்வகத்திலோ சேவை செய்த இடத்திலோ மேற்பார்த்த ஒருவர் என்று அமைத்துக்கொண்டு, ஒவ்வொரு கல்லூரியின் பக்கத்திலும் கூடுதலாக ஏதாவது கேட்கிறார்களா என்று பாருங்கள். உங்கள் கல்லூரியில் மருத்துவ விண்ணப்பங்களுக்கென்று ஆலோசனைக் குழு இருந்தால் அதன் பொதுக் கடிதத்தை வாங்கிவிடுங்கள். குழு இருந்தும் கடிதம் இல்லையென்றால், ஏன் என்று கேள்வி வரும்.

இங்கே எம்.பி.பி.எஸ். முடித்து அமெரிக்க ரெசிடென்சிக்கு (மருத்துவமனையில் வேலை பார்த்தபடி பெறும் மேற்பயிற்சி) போகிறவர்களுக்கு எராஸ் என்ற விண்ணப்பத் தளம். ஒரு பயிற்சித் திட்டத்துக்கு 4 கடிதம் வரை ஒதுக்கலாம். ஒவ்வொரு கடிதத்துக்கும் நீங்கள் ஒரு கோரிக்கைப் படிவம் உருவாக்கிப் பேராசிரியரிடம் கொடுக்க வேண்டும். அதிலுள்ள கடித எண்ணை வைத்து அவரே ஏற்ற வேண்டும். அவருக்கு நேரமில்லை என்று நீங்கள் அவர் பெயரில் ஏற்றுவது ஏமாற்று. அகப்பட்டால் அந்த ஆண்டோடு போகாது. அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ.யின் முதல் படி 2022 ஜனவரியிலிருந்து தேர்ச்சி, தோல்வி என்று மட்டுமே வருகிறது. மதிப்பெண்ணால் பிரித்துப் பார்க்க வழி குறைந்ததால் கடிதத்தை இப்போது கவனமாகப் படிக்கிறார்கள். அமெரிக்க மருத்துவமனையில் நோயாளிகளோடு வேலை பார்த்தபோது மேற்பார்த்தவரின் கடிதத்துக்குத்தான் முதல் மதிப்பு. அதற்காக நம் ஊர்ப் பேராசிரியரின் கடிதத்தை விட்டுவிடாதீர்கள். பாம்புக்கடி, பூச்சிமருந்து குடித்தவர்கள் என்று ராத்திரி முழுக்க வந்துகொண்டிருக்கும் அவசரப் பிரிவில் நீங்கள் நின்ற விதத்தை அவர் ஒருவர்தான் எழுத முடியும். மருத்துவ மாணவராக இருக்கும்போதே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டத்தில் ஒரு ஆய்வு செய்தால், அதற்கு வழிகாட்டிய பேராசிரியர் பிற்பாடு எழுதும் கடிதத்தில் சரக்கு இருக்கும்.

ஜார்ஜியா, பிலிப்பைன்ஸ், ரஷ்யா என்று போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பரிந்துரைக் கடிதம் வேண்டுமா என்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பக்கத்திலேயே இருக்கும். அங்கே கேட்காத கடிதத்துக்கு ஏஜென்ட் தனிக் கட்டணம் போட்டால் கொடுக்காதீர்கள். எந்த நாட்டுக்குப் போனாலும் திரும்பி வந்து இங்கே பதிவு செய்ய நீட் தகுதியும், குறைந்தது 54 மாதப் படிப்பும், 12 மாத இன்டர்ன்ஷிப்பும் வேண்டும். எந்தக் கடிதமும் இதற்கு ஈடாகாது.

யாரிடம் கேட்பது

ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். இவர் என்னைப் பற்றி, நான் செய்த வேலையைப் பற்றி, நடந்த சம்பவம் மூன்று சொல்ல முடியுமா? முடியும் என்றால் கேட்கலாம். ஒன்றுதான் சொல்ல முடியும் என்றால் யோசிக்கலாம். ஒன்றுமே இல்லையென்றால் அவர் துணைவேந்தராக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

பள்ளிப் பிள்ளைக்கு +1, +2 இரண்டிலும் பாடம் எடுத்த உயிரியல் அல்லது வேதியியல் ஆசிரியர் நல்ல தேர்வு. பிராக்டிகலில் உங்கள் கையை அவர் பார்த்திருப்பார். தலைமையாசிரியர்தான் ஒப்பமிட வேண்டும் என்று விதி இருந்தால், பாட ஆசிரியர் எழுதித் தரும் குறிப்புகளை வைத்து அவர் எழுதட்டும். கோச்சிங் சென்டர் சார் உங்களுக்கு உயிரைக் கொடுத்துப் பாடம் நடத்தியிருக்கலாம். ஆனால் உங்களிடம் கட்டணம் வாங்கியவர் என்பதால் அவர் வார்த்தையைக் கழித்துத்தான் படிப்பார்கள்.

சேவை செய்த இடம் என்றால் ஆய்க்குடி அமர் சேவா சங்கம், பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளி, பார்வையற்றோர் பள்ளி, கண் சிகிச்சை முகாம் என்று நம் பக்கத்தில் நல்ல இடங்கள் பல உண்டு. நிறுவனத் தலைவரின் கடிதத்தைக் கேட்காதீர்கள். வாரா வாரம் நீங்கள் வந்ததை, ஒரு குழந்தையோடு பொறுமையாக உட்கார்ந்ததைப் பார்த்த பிசியோதெரபிஸ்டோ சிறப்பாசிரியரோ எழுதட்டும். இரண்டு நாள் ஒரு கிளினிக்கில் டாக்டர் பக்கத்தில் நின்றதற்குப் பரிந்துரைக் கடிதம் வாங்கக் கூடாது; வந்து பார்த்தார் என்ற சான்று மட்டும் போதும்.

சித்தப்பா டாக்டர் எழுதக் கூடாது. குடும்ப டாக்டர் எழுதக் கூடாது. அப்பாவின் நண்பர், கட்சிக்காரர், ஊர்த் தலைவர் யாரும் வேண்டாம். நம் ஊரில் பாடம் எடுக்கும் ஆசிரியரே மாமா முறையாக இருப்பது சகஜம். அப்படியென்றால் அடுத்த பாட ஆசிரியரிடம் போங்கள். வேறு ஆளே இல்லையென்றால் உறவை மறைக்காமல் கடிதத்தின் முதல் பத்தியிலேயே அவர் சொல்லிவிட வேண்டும்.

எப்போது, எப்படிக் கேட்பது

கடைசி நாளுக்குக் குறைந்தது 6 வாரம் முன்னால். யூகாஸுக்கு என்றால் ஜூனில் பள்ளி திறந்து கூட்டம் அடங்கியதும் ஜூலையிலேயே கேட்டுவிடுங்கள். செப்டம்பரில் ஆசிரியர் காலாண்டுத் தேர்வில் மூழ்கியிருப்பார். மார்ச்சில் பொதுத் தேர்வு வேலை, ஏப்ரலில் விடைத்தாள் திருத்தும் முகாம். அந்த நாட்களில் கேட்டால் பாதி மனதோடு எழுதிய கடிதம்தான் கிடைக்கும். ஹவுஸ் சர்ஜன்கள் (எம்.பி.பி.எஸ். இறுதியில் பயிற்சியில் இருப்பவர்கள்) அந்தந்தத் துறைப் போஸ்டிங் முடியும் வாரத்திலேயே கேட்க வேண்டும். ஆறு மாதம் கழித்துப் போனால் பேராசிரியருக்கு உங்கள் முகம் நினைவிருக்கும், வேலை நினைவிருக்காது.

வாட்ஸப்பில் கேட்காதீர்கள். வகுப்பு முடிந்தபின் ஸ்டாஃப் ரூமில் நேரில் போய்க் கேளுங்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனால் ஆசிரியரால் மறுக்க முடியாது. மறுக்க முடியாதவரிடம் வாங்கும் கடிதம் சப்பென்று இருக்கும். இப்படிக் கேட்கலாம்: “சார், யூகேல மெடிசின் படிக்க அப்ளை பண்ணுதேன். ரெண்டு வருஷமா என் வேலையப் பாத்திருக்கீங்க. எனக்காக நல்லா ஒரு லெட்டர் எழுத முடியும்னு உங்களுக்குத் தோணுதா சார்? நேரமில்லன்னாலும், சரிவராதுன்னு தோணுனாலும் தயங்காம சொல்லுங்க, வேற மிஸ்கிட்ட கேட்டுக்கிடுதேன்.” அந்தக் கடைசி வரியை விடாதீர்கள். அரைமனதுக் கடிதத்தைவிட நேரடியான மறுப்பு எவ்வளவோ மேல். அவர் இழுத்தால், “பாக்கலாம்” என்றால், அதை மறுப்பாகவே எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

சரி என்றதும் மறுநாளே ஒரு கோப்பு கொடுங்கள். அதில் இருக்க வேண்டியவை: எங்கெங்கே விண்ணப்பிக்கிறீர்கள், கடைசித் தேதி எது என்று பெரிய எழுத்தில் ஒரு பக்கம், மதிப்பெண் பட்டியல் நகல், உங்கள் தன்விளக்கக் கட்டுரையின் வரைவு, அவர் பார்க்க நடந்த 5 அல்லது 6 விஷயங்களை நினைவூட்டும் குறிப்பு, தேதியோடு, ஏன் மருத்துவம் என்பதற்கு ஒரு பத்தி, கடிதத்தை எங்கே, எப்படி ஏற்றுவது என்ற வழிமுறை. ஆறு தாளுக்கு மேல் போக வேண்டாம். “நான் கடின உழைப்பாளி” என்பது குறிப்பு ஆகாது. “11-ஆம் வகுப்பில் தவளை எலும்பு மாதிரியில் பெயர் பிழையாக இருந்ததைக் கண்டுபிடித்துச் சொன்னேன், நீங்கள் லேபிளை மாற்றச் சொன்னீர்கள்” என்பதுதான் குறிப்பு.

“நீயே எழுதிக் கொண்டு வா”

இதுதான் நம் பக்கத்தில் மிகப் பெரிய சிக்கல். “எனக்கு நேரமில்லப்பா, நீயே எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போட்டுத் தாரேன்.” அன்பாகத்தான் சொல்கிறார்கள். பல கல்லூரிகளில் இதுதான் நடைமுறை. ஆனால் செய்யக் கூடாது. நீங்கள் எழுதி அவர் பெயரில் போனால் அது பொய்ச் சாட்சி. அது மட்டுமில்லாமல் பயனும் இல்லை. 18 வயதுப் பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்லக் கூச்சப்பட்டு, நெட்டில் கிடைத்த சொற்களை அடுக்கும். மூன்று கடிதத்தையும் அந்தப் பிள்ளையே எழுதினால் மூன்றிலும் ஒரே நடை, ஒரே பிழை, தன்விளக்கக் கட்டுரையிலும் அதே பிழை. ஆயிரக்கணக்கில் படிப்பவருக்கு இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும். செயலியை வைத்து எழுதினாலும் இதே கதைதான்.

மரியாதை குறையாமல் இதைக் கடக்க வழி உண்டு. “சார், மாணவன் எழுதக் கூடாதுன்னு ரூல்ஸ்ல இருக்கு. நீங்க பத்து நிமிஷம் பேசுனா போதும் சார்” என்று சொல்லிக் கோப்பை மேசையில் வையுங்கள். அவர் போனில் குரலாகப் பதிந்து, அலுவலகத்தில் தட்டச்சு செய்யச் சொல்லலாம். ஆங்கிலம்தான் தயக்கம் என்றால் அவர் தமிழில் எழுதட்டும். அதே பள்ளியின் ஆங்கில ஆசிரியர் மொழிபெயர்த்து, இருவரும் ஒப்பமிடட்டும். தமிழில் யோசித்து எழுதிய கடிதத்தில் ஆளைப் பற்றிய விவரம் உயிரோடு இருக்கும். மொழிபெயர்ப்பை நீங்களோ உங்கள் அக்காவோ செய்யக் கூடாது. இத்தனைக்குப் பிறகும் அவர் எழுத மாட்டேன் என்றால், அவர் எழுத விரும்பவில்லை என்று பொருள். வேறு ஆளைப் பாருங்கள்.

எழுதும் ஆசிரியர்களுக்கு

ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரைப் பக்கம். முதலில் எத்தனை நாளாக, எந்த வேலையில் தெரியும் என்று சொல்லுங்கள். அடுத்து ஒப்பீடு: “5 ஆண்டுகளில் நான் பாடம் எடுத்த சுமார் 400 மாணவர்களில் முதல் 10 பேரில் வருவார்” என்ற ஒரு வரி, “மிகச் சிறந்த மாணவி” என்ற பத்து வரியை விடக் கனமானது. உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். பிறகு இரண்டு சம்பவங்களை முழுதாகச் சொல்லுங்கள். “பொறுமைசாலி” என்று எழுதாமல், மைக்ரோஸ்கோப் ஸ்லைடு நான்கு முறை உடைந்தும் ஐந்தாவதைச் செய்து முடித்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனாள் என்று எழுதுங்கள். நோயாளியோடு, சக மாணவரோடு எப்படிப் பேசுகிறார் என்பது மருத்துவத்துக்கு முக்கியம். அதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். ஒரு குறையைச் சொல்லி அது எப்படிச் சரியானது என்று எழுதினால் மற்ற பாராட்டுகளை நம்புவார்கள். சாதி, மதம், வீட்டு வறுமை, திருமணம் பற்றி மாணவர் கேட்டுக்கொள்ளாமல் ஒரு வரியும் வேண்டாம். கடைசியில், தயங்காமல் பரிந்துரைக்கிறீர்களா இல்லையா என்று தெளிவாக.

மூன்று பேருக்கு ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றிக் கொடுப்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அவர்கள் மூன்று பேரும் ஒரே கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கக்கூடும். பெண்ணைப் பற்றிய கடிதத்தில் நடுவில் “அவன்” என்று வருவதும் இப்படித்தான்.

சின்னச் சின்னப் பிழைகள்

பெயர். பள்ளிப் பதிவில் சு. இசக்கியம்மாள், பாஸ்போர்ட்டில் இசக்கியம்மாள் சுடலைமுத்து. விண்ணப்பம் பாஸ்போர்ட்டைப் பின்பற்றும். கடிதத்தில் முதலெழுத்தோடு மட்டும் இருந்தால் இரண்டும் ஒரே ஆள்தானா என்று குழப்பம் வரும். பாஸ்போர்ட் பெயரைக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி, பள்ளிப் பெயரையும் அடைப்பில் போடச் சொல்லுங்கள்.

பள்ளியின் பெயர் அச்சிட்ட தாள், தேதி, ஒப்பம், பதவி, முத்திரை, பள்ளித் தொலைபேசி எண் வேண்டும். டாக்டர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும். அரசுப் பள்ளி ஆசிரியர் பலருக்கு நிறுவன மின்னஞ்சல் இல்லை. பள்ளிக்கென்று இருக்கும் மின்னஞ்சலையே கொடுங்கள். சொந்த ஜிமெயில்தான் உண்டு என்றால் பள்ளி எண்ணில் அழைத்தால் அவர் கிடைக்கும்படி ஏற்பாடு இருக்கட்டும். சரிபார்க்க அழைக்கும்போது அலுவலகத்தில் எடுப்பவர் “அப்படி யாரும் இல்ல” என்று சொல்லிவிடக் கூடாது.

அமெரிக்க விண்ணப்பங்களில், கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். ஆம் என்று கொடுங்கள். மாணவர் பார்க்க மாட்டார் என்று தெரிந்தால்தான் எழுதுபவர் மனம் திறந்து எழுதுவார், படிப்பவரும் நம்புவார். உரிமையை விட்டுக்கொடுத்த பிறகு, ஆசிரியர் பாசத்தில் நகல் நீட்டினால் வாங்காதீர்கள். தேதி, பெயர் சரியா என்று மட்டும் அவரையே ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

கடிதம் எழுதப் பணமோ பரிசோ கொடுக்காதீர்கள், அதிலும் எழுதும் முன்னால் வேண்டவே வேண்டாம். முடிவு வந்ததும், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருவது முறை. பல பிள்ளைகள் இதை மறந்துவிடுவதால் அடுத்த ஆண்டு வரும் பிள்ளைக்கு அந்த ஆசிரியர் முகம் கொடுப்பதில்லை.

கடைசி நாளுக்கு 2 வாரம் இருக்கும்போது ஒருமுறை நினைவூட்டுங்கள். 1 வாரம் இருக்கும்போது நேரில் ஒருமுறை. தினமும் போன் செய்யக் கூடாது. அந்த ஒரு வாரத்திலும் வரவில்லையென்றால் பயந்துபோய் வேறு வழி தேடாமல், முதலிலேயே பேசி வைத்த இரண்டாவது ஆசிரியரிடம் அதே கோப்பின் நகலைக் கொடுங்கள். யூகாஸில் பரிந்துரை வந்து சேராமல் விண்ணப்பத்தை அனுப்ப முடியாது. அதனால் அக்டோபர் 8-ஆம் தேதியே கடைசி நாள் என்று ஆசிரியரிடம் சொல்லிவைத்து, உங்கள் காலண்டரிலும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.